கொதிகலனுக்காகப் பழைய பங்களாவின் பரணைத் தயார்செய்த பத்தொன்பது நாட்கள்

அக்காவும் அத்தானும் இலங்கையின் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கத்தில் வாங்கிய பழைய பங்களாவில் விருந்தினர் தங்கும் அறைகள் ஐந்து உள்ளன. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் மேடு அது. ஒவ்வோர் அறையிலும் கணப்படுப்பு இருந்தாலும் விறகு எரியும் வரைதான் சூடு நிற்கிறது என்பதால், வெந்நீரைக் குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் சுற்றவிட்டு ரேடியேட்டர்களால் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலன் ஒன்றைப் பொருத்துவது என்று சென்ற ஆண்டு முடிவெடுத்தார்கள். கொதிகலனைச் சுவரில் மாட்டிக் குழாய்களை இணைக்க இரண்டு நாட்கள் போதுமாக இருந்தன. அதற்காகப் பரணைத் தயார்செய்ய, எனக்கும் தச்சு வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்கும் பத்தொன்பது நாட்கள் பிடித்தன. இந்தப் பதிவு அந்தப் பத்தொன்பது நாட்களைப் பற்றியது. எரிவாயு இணைப்பையும் எரிதலைச் சரிப்படுத்தும் வேலையையும் அதற்கென்று பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் செய்தார். அவற்றில் நான் கைவைக்கவில்லை, பயிற்சியில்லாத எவரும் கைவைக்கக் கூடாது.

கொதிகலனைத் தரையில் தனி அறை கட்டி வைப்பதே எல்லா வகையிலும் எளிது. இடமுள்ளவர்கள் அதையே செய்ய வேண்டும். எங்களுக்கு அந்த இடம் வாய்க்கவில்லை. மலைநாட்டு வீடுகள் பலவற்றைப் போல இதுவும் சரிவை வெட்டிக் கட்டப்பட்டது. பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஓர் ஒடுங்கிய சந்து மட்டுமே உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் அப்படிப்பட்ட பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். கழிவுவாயுக் குழாயின் வாயை அங்கே வைத்தாலும், வெளியேற வழியில்லாத புகை பின்பக்க ஜன்னல்களுக்கே திரும்பி வரும். முன்பக்கம் முழுவதும் விருந்தினர் அறைகள். ஆகவே, கருங்கல்லால் கட்டிய முக்கோண முகப்புச் சுவர் கூரைவரை எழுந்து நிற்கும் கிழக்குப் பக்கப் பரணைத் தேர்ந்தெடுத்தோம். ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தச் சுவர் காற்றுக்கு மறைவாகவும் இருந்தது.

முதல் நாள் பரணுக்குள் ஏறியபோது அங்கே இருந்தவை அரைச் சாண் தடிப்பில் படிந்த கரித்தூசி, மரநாயின் கழிவு, அந்தக் காலத்தில் குசினி அடுப்பின் சூட்டில் வெந்நீர் தந்த பழைய இரும்புத் தாங்கி, எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாத மின்கம்பிகள் ஆகியவையே. பங்களாவின் சீலிங் நாக்கும் காடியுமாகப் பொருத்திய பலகையால் ஆனது. அதைத் தாங்கும் சட்டங்கள் நான்கங்குலத்துக்கு இரண்டங்குலம், இரண்டடிக்கு ஒன்றாகப் போடப்பட்டவை. சீலிங்கின் பாரத்தைத் தவிர வேறெதையும் சுமப்பதற்காக அவற்றை யாரும் போடவில்லை. சட்டத்தின் மேல் மட்டுமே கால்வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், இரண்டாவது நாள் தாங்கியைச் சுற்றிப் போகும்போது நான் நழுவினேன். வலது கால் பலகையை உடைத்துக்கொண்டு தொடைவரை கீழே சாப்பாட்டறைக்குள் இறங்கிவிட்டது. சிராய்ப்போடு தப்பினேன். கீழே அப்போது அக்காவின் மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு பதறுகிறது. அன்றிலிருந்து, குறைந்தது மூன்று சட்டங்களின் மேல் படியும் நீளமான பலகைகளைப் போட்டு அவற்றின் மேல்தான் நடந்தோம். நாங்கள் மேலே இருக்கும் நேரத்தில் கீழுள்ள அறையைப் பூட்டியே வைத்தோம்.

மரத்தைச் சோதிக்க எளிய முறை, கூர்மையான திருப்புளியை அழுத்திப் பார்ப்பதுதான். நல்ல மரத்தில் முனை ஒரு நூல் அளவு இறங்கி நின்றுவிடும். கிழக்குச் சுவரில் பதிந்திருந்த சட்டங்களின் முனைகளில் மூன்று, வெளிப்பார்வைக்கு மற்றவற்றைப் போலவே கறுத்துக் கெட்டியாகத் தெரிந்தன. ஆனால் மூன்றாவதில் திருப்புளி கைப்பிடிவரை சத்தமின்றி உள்ளே போனது, இழுத்தபோது ஈரமான காப்பித்தூள் போல மரம் உதிர்ந்தது. கூரையின் இரண்டு சரிவுகளும் சேரும் இடத்திலுள்ள தகரப் பீலியில் ஓட்டை விழுந்து, எத்தனையோ மழைக்காலங்களாக நீர் அந்த முனைகளில் இறங்கியிருக்கிறது. பீலியை மாற்றுவதற்கு முன் மரத்தை மாற்றுவதில் பயனில்லை என்பதால் முதலில் கூரைவேலைதான் நடந்தது.

தளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தவறுவது இங்கேதான். சுவரில் மாட்டும் கொதிகலன் 40 கிலோகிராமுக்குள்தான் வருகிறது. அதன் முன்னால் நின்று வேலை செய்யும் இரண்டு பேரும் அவர்களுடைய ஆயுதப் பெட்டியும் அதைப்போல நான்கு மடங்கு பாரம். இதோடு 200 லீற்றர் வெந்நீர்த் தாங்கியையும் பரணில் வைப்பதென்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோகிராம்; தாங்கியின் சொந்த எடை வேறு. அந்தத் தாங்கியைப் பரணில் வைப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்து, கீழே துணிகள் வைக்கும் அறையின் சிமெந்துத் தரையில் இடம் ஒதுக்கினோம். பரணில், முகப்புச் சுவருக்கும் பத்தடி தள்ளியுள்ள உள்சுவருக்கும் இடையே ஆறங்குலத்துக்கு மூன்றங்குல டேர்பன்டைன் மர உத்திரங்கள் நான்கைக் கிடத்தி, இரண்டு முனைகளையும் சுவரின் மேலேயே தாங்கவைத்தோம். இந்த உத்திரங்கள் பழைய சீலிங் சட்டங்களை எங்குமே தொடவில்லை; இடையில் இரண்டங்குல இடைவெளி இருக்கிறது. மேலே 18 மில்லிமீற்றர் கடற்பயன்பாட்டு ஒட்டுப்பலகையை ஆணி அடிக்காமல் திருகாணியால் பூட்டினோம், சுத்தியலின் அதிர்ச்சிக்குச் சீலிங் பலகைகளின் பழைய ஆணிகள் கழன்றுவிடும் என்பதால். இப்போது அந்தத் தளத்தில் மூன்று பேர் ஏறி நின்றாலும் கீழேயுள்ள சீலிங்குக்கு ஒன்றும் தெரியாது.

கொதிகலனைத் தாங்கும் சுவர் பதினெட்டங்குலத் தடிப்புள்ள கருங்கல் சுவர் என்றாலும் சாந்து சுண்ணாம்புச் சாந்து. நகத்தால் கீறினால் மணலாக உதிரும் இடங்கள் உண்டு. ஆகையால் தாங்கும் போல்ட்டுகளைச் சாந்து இணைப்பில் போடாமல் கல்லிலேயே துளையிட்டு, பசை ஊற்றி இறுக்கினோம். முழு நாள் உலரவிட்டபின் ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டைச் சிமெந்தைக் கட்டித் தொங்கவிட்டு இரவு முழுவதும் பார்த்தோம். பின்னால் எரியாத சிமெந்துப் பலகை ஒன்றைப் பதித்தோம்.

ஏறும் வழியை அடுத்துக் கவனித்தோம். நடைவழிச் சீலிங்கில் இருந்த பழைய வாசல் ஒன்றரையடிச் சதுரம். கொதிகலன் அதற்குள் நுழையாது, காயப்பட்ட மனிதன் ஒருவனை அதன் வழியே இறக்கவும் முடியாது. அதை நான்கடிக்கு இரண்டரையடியாகப் பெருப்பித்தோம். அதற்காக ஒரு சட்டத்தை வெட்ட நேர்ந்ததால், வெட்டுப்பட்ட முனைகளைத் தாங்கக் குறுக்குச் சட்டங்களையும், அவற்றைத் தாங்கும் பக்கச் சட்டங்களையும் இரட்டையாக்கினோம். மடிந்து மேலேறும் அலுமினிய ஏணி வாசலோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. வாசலைச் சுற்றி மூன்றரையடி உயரத்தில் கைப்பிடி வேலி போட்டு, ஏணிப் பக்கத்தில் மட்டும் தானாகச் சாத்திக்கொள்ளும் சிறு படலை வைத்தோம். விளக்கின் சுவிட்சை ஏணியின் அடியில், கீழே நடைவழியிலேயே வைத்தோம். இருட்டுக்குள் ஏறிச் சென்று சுவிட்சைத் தேடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. நிரந்தரத் தளம், நிரந்தர விளக்கு, பூட்டிய ஏணி, வாசலைச் சுற்றிய தடுப்பு, பரணில் வைக்கும் சாமான்கள் கொதிகலனைத் தொடாதபடி ஒரு மறிப்பு ஆகிய ஐந்தும் பிரித்தானியாவின் பி.எஸ். 6798 தரத்தில் பரணில் பொருத்தும் கொதிகலனுக்குக் கேட்கப்படுபவை. இங்கே அவற்றை யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்று ஒரு கடைக்காரர் எங்களிடம் சொன்னார். அப்பா தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்தவர். பொருத்தும்போதே, நாளைக்கு இதைக் கழற்ற வருகிறவனின் கை எங்கே போகும், கால் எங்கே நிற்கும் என்று பார்த்துப் பொருத்து தம்பி என்பார். கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறும் படிகளில் ஒன்று ஆடினாலும் அதைச் சரிசெய்யாமல் அவர் வீட்டுக்கு வந்ததில்லை. அந்த வேலியையும் படலையையும் நான் அவரை நினைத்தே செய்தேன்.

மின்கம்பிகளைத் தொடுவதற்கு முன் பிரதான சுவிட்சை அணைத்து, சோதனை விளக்கால் மின்னோட்டம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டோம். சீலிங் சட்டத்தை ஒட்டி ஓடிய இரப்பர் உறைக் கம்பி ஒன்றில், எலி கடித்த இடத்தில் ஓரங்குல நீளத்துக்குச் செம்பு பளபளவென்று வெறுமையாகக் கிடந்தது. அதற்குக் கீழே எலிக்கூட்டின் காய்ந்த புல். அந்தக் கம்பி மூன்றாம் இலக்க அறையின் விளக்குக்குப் போவது, அந்த வாரம் முழுவதும் அந்த அறையில் விருந்தினர் இருந்தார்கள். பரணின் வயரிங் முழுவதையும் உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு குழாய்க்குள் புதிதாக இடச் செய்தோம். கொதிகலனுக்குத் தனிச் சுற்று, 30 மில்லிஅம்பியர் கசிவில் விழும் ட்ரிப் சுவிட்ச், கைக்கெட்டும் தூரத்தில் தனி அணைப்புச் சுவிட்ச், உலோகக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் புவி இணைப்பு ஆகியவற்றோடு, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இங்கே விழும் இடியை எண்ணி மின்னெழுச்சித் தடுப்பானும் போட்டோம்.

இனி காற்று. இந்த வேலையில் உயிரைப் பறிக்கக்கூடியது காற்றைப் பற்றிய கவனக்குறைவுதான். குளிருக்கு அஞ்சி, அறையின் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டியைப் பக்கத்தில் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழும்பாமல் போன செய்திகளை நுவரெலியாவில் உள்ளவர்கள் அறிவார்கள். கரியானாலும் எரிவாயுவானாலும், போதிய ஒட்சிசன் கிடைக்காமல் எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு உண்டாகிறது. நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே ஒரு குவளைக் காற்றில் கொழும்பிலுள்ள ஒரு குவளைக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் குறைவு. கடற்கரையில் நீலமாக எரியும்படி சரிப்படுத்திய சுடர், அதே எரிவாயு அளவோடு இங்கே எரிந்தால் அரைகுறையாக எரியும். எனவே கொதிகலனை வாங்குவதற்கு முன்னரே, அதன் கைந்நூலில் எத்தனை மீற்றர் உயரம்வரை பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பொருத்திய பிறகு கழிவுவாயுவை அளக்கும் கருவியை வைத்து இந்த உயரத்திலேயே சரிப்படுத்தவும் வேண்டும். கருவி இல்லாமல் சுடரின் நிறத்தைப் பார்த்தே சரிசெய்துவிடலாம் என்று சொன்ன ஒருவரை நாங்கள் திருப்பி அனுப்பினோம்.

அவரே இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார். பரணின் காற்றையே எடுத்து எரியும் மலிவான வகையை வாங்கினால் போதும், தகரக் கூரையின் இடுக்குகளில் காற்றுதான் போகிறதே என்றார். அதைச் சோதித்துப் பார்க்க, காற்று வீசிய ஒரு பின்னேரம் பரணில் சாம்பிராணித் தட்டை வைத்துவிட்டுக் கீழே வந்து நின்றேன். ஐந்து நிமிடத்துக்குள் மூன்றாம் இலக்க அறையிலும் நடைவழியிலும் சாம்பிராணி மணத்தது. சீலிங் பலகையின் இணைப்பொன்றில் புகை நூலாக இறங்குவதை டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாலேயே பார்த்தோம். காற்றடிக்கும்போது கூரையிடுக்கு வழியே பரணுக்குள் நெருக்கும் காற்று, பரணில் உள்ளதைக் கீழே தூங்குகிறவர்களிடம் தள்ளுகிறது. அந்தப் புகை நூலைப் பார்த்தபின் அத்தானுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வெளியிலிருந்தே காற்றை இழுத்து, கழிவையும் வெளியிலேயே விடும் மூடிய வகையையே வாங்கினோம். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழாய் அது. உள்குழாயில் கழிவு போகிறது, வெளிக்குழாயில் காற்று வருகிறது.

அந்தக் குழாயைக் கூரை வழியே நேராக மேலே எடுப்பது சுலபமாகத் தெரிந்தது. ஆனால் கிழக்குப் பக்கத்தில் பின்னாளில் சேர்த்த கூரை அஸ்பெஸ்டஸ் தகடு. அதை இயந்திரத்தால் வெட்டினால் பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கூரையில் ஒரு கீறலும் போடாமல் கருங்கல் சுவரையே துளைத்தோம். பதினெட்டங்குலக் கல்லைக் கையால் குடைய இரண்டரை நாட்கள் போயின, அதற்காக நான் வருந்தவில்லை. உள்ளே கழிவிலிருந்து ஒடுங்கும் நீர் கொதிகலனுக்கே திரும்பி வடியும்படி, குழாய் வெளிப்பக்கம் மூன்று பாகை உயர்ந்து செல்கிறது.

அந்த ஒடுங்கிய நீர் சாதாரணத் தண்ணீர் போலத் தெரிந்தாலும் அமிலத்தன்மை உடையது. செம்புக் குழாயையும் துத்தநாகம் பூசிய தகரத்தையும் அது அரித்துவிடும். கூரைமேல் விட்டுவிடலாம், மழையோடு போய்விடும் என்ற எண்ணம் இந்தப் பகுதியில் எளிதில் வரும். அப்படிச் செய்தால் நீர் விழும் கோட்டிலேயே தகரம் துருப்பிடித்து ஓட்டையாகும். பிளாஸ்டிக் குழாயை மீற்றருக்கு 45 மில்லிமீற்றர் சரிவில் இறக்கி, கழிவறைக் குழாயோடு சேர்த்தோம். கொதிகலனுக்கு அடியில் வைத்த சொட்டுத் தட்டையும் அதே காரணத்தால் தகரத்தில் செய்யாமல் பிளாஸ்டிக்கில் வாங்கினோம்.

பாதுகாப்பு வால்வின் குழாய் வேறு கதை. மூடிய சுற்றில் அழுத்தம் 3 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டினால் அந்த வால்வு திறந்து வெந்நீரை வெளியே விடும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இந்த உயரத்தில் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்திலிருந்து விடுபட்டு வரும் நீர் அதைவிடச் சூடாக இருந்தால் குழாயின் வாயில் ஆவியாகச் சீறும். அதன் முனையைச் செம்புக் குழாயில் சுவரோடு கீழே கொண்டுவந்து, யாரும் நடக்காத பூம்பாத்திப் பக்கம், நிலத்தை நோக்கி வளைத்து விட்டோம். அதில் எந்த இடத்திலும் அடைப்பான் வைக்கக் கூடாது.

எரிவாயுவைப் பற்றிக் கணக்குப் போட்டபோது எல்லோரும் சிறிது திகைத்தோம். 24 கிலோவாட் கொதிகலன் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1.9 கிலோகிராம் எரிவாயு செலவாகும். வீட்டில் பயன்படுத்தும் 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஆறரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மேலும், சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எரிவாயுவிலுள்ள பியூட்டேன் ஏறத்தாழ பூச்சிய பாகையில்தான் கொதித்து வாயுவாகிறது என்பதால், குளிர்ந்த விடியற்காலையில் ஒரே சிலிண்டரிலிருந்து அவசரமாக இழுத்தால் அது மேலும் குளிர்ந்து, உடலில் பனி பூத்து, அழுத்தம் விழுந்துவிடும். கொதிகலனின் உச்ச வேகத்தை 15 கிலோவாட்டாகக் குறைத்துவைத்து, 37.5 கிலோகிராம் சிலிண்டர்கள் நான்கை ஒன்றாக இணைத்தோம். அவை கிழக்கு முகப்புக்கு வெளியே திறந்த சரிவின் பக்கம், சமப்படுத்திய சிமெந்துத் தரையில் நிற்கின்றன. ஜன்னல் கதவுகளிலிருந்து ஒரு மீற்றருக்கும், மூடாத கானிலிருந்து இரண்டு மீற்றருக்கும் குறையாத தூரம் விட்டோம். கான் வழியே இறங்கும் எரிவாயு கீழ்வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பதை அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிவைத்தோம்.

எரிவாயுக் குழாய் சுவரின் வெளிப்புறமாகவே ஏறி, கொதிகலனுக்கு நேரே உறைக்குழாய் வழியாக உள்ளே நுழைகிறது. சீலிங்குக்கு மேல் அது ஓரடியும் ஓடவில்லை. பரணில் கசியும் எரிவாயு கூரை வழியே மேலே போய்விடும் என்று நினைப்பது தவறு, கனமானது என்பதால் அது சாம்பிராணிப் புகையைவிட வேகமாகப் படுக்கையறைக்கு இறங்கும். ஆகவே முகப்புச் சுவரில் தளத்தின் மட்டத்திலேயே இரண்டு காற்றுத் துவாரங்களை விட்டோம். தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வாயு உணரியை வைத்து, அது ஒலித்தவுடன் வெளியே சிலிண்டருக்கு அருகிலுள்ள மின்வால்வு மூடிக்கொள்ளும்படி இணைத்தோம். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவிகள் பரணில் ஒன்றும் கீழே மூன்றாம் இலக்க அறையில் ஒன்றுமாக உள்ளன. தொழில்நுட்பவியலாளர் குழாயில் காற்றை அடைத்து, நீர் நிரப்பிய ஒளிபுகும் வளைகுழாயில் மட்டத்தைக் குறித்துவிட்டுக் காத்திருந்தார். மட்டம் மயிரிழையும் அசையாததைப் பார்த்த பிறகும் ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்த்தார்.

கடைசி மூன்று நாட்கள் மரநாய்க்காகச் சென்றன. கூரை ஓரத்தின் இடைவெளிகளை முற்றாக அடைத்தால் பரண் மூச்சுவிடாமல் மரம் பூஞ்சணம் பிடிக்கும். திறந்துவிட்டால் மரநாயும் எலியும் குழாய்களுக்குச் சுற்றிய நுரை உறையையும் புதிய கம்பிகளையும் கிழித்துவிடும். அரையங்குலக் கண்ணுள்ள துத்தநாகக் கம்பிவலையை ஓரம் முழுவதும் அடித்தோம். அடிப்பதற்கு முதல்நாள் இரவு தளத்தில் கோதுமை மாவைத் தூவி, காலையில் வெளியே போன தடங்கள் மட்டுமே இருப்பதைப் பார்த்துக்கொண்டோம், உள்ளே குட்டிகளோடு தாயை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக.

கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்குகிறது. எந்த வால்வு எதை அடைக்கும், உத்திரங்கள் எங்கே ஓடுகின்றன, குளிர்ந்த நிலையில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மேற்குப் பக்கப் பரணில் இன்னும் தளம் போடவில்லை. அந்தப் பக்கம் போகும் இடத்தில் ஒரு சங்கிலியைக் குறுக்கே கட்டி, சிவப்புத் துணி முடிந்து வைத்திருக்கிறோம்.